கிளட்ச் கால்

திம்மராயன் செருப்புக் காலோடு வண்டியில் ஏறி யாரும் பார்த்ததில்லை. முப்பத்தொரு வருஷம் ஷிப்டு பஸ் ஓட்டியவர். காவேரிப்பட்டினத்தில் விடிகாலை நாலேகாலுக்கு எடுத்தால் கிருஷ்ணகிரி, குருபரப்பள்ளி, சூளகிரி என்று வழியெல்லாம் ஆளை அள்ளிக்கொண்டு, ஆறு மணிச் சங்கு ஊதப் பத்து நிமிஷம் இருக்கும்போது ஓசூர் சிப்காட்டில் கம்பெனி வாசலில் இறக்கிவிடுவார். ஏறுவதற்கு முன்னால் செருப்பைக் கழற்றி சீட்டுக்குப் பின்னால் இருக்கும் பெட்டிக்குள் போடுவார். படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். அப்புறம்தான் ஸ்டியரிங். மழை கொட்டினாலும் சரி, ஓசூர் மார்கழிப் பனியில் பல்லெல்லாம் தந்தியடித்தாலும் சரி, வெறுங்கால்தான்.

"சோறு போடற எடம். அங்க செருப்போட ஏறுனா வெளங்குமா?" என்பார். அது ஒரு காரணம். இன்னொரு காரணமும் உண்டு. டீக்கடையில் அவர் பீற்றிக்கொள்வது அதைத்தான். "கிளட்ச்சு எங்க புடிக்குது, எங்க வுடுதுன்னு காலுக்குத் தெரியணும்யா. நடுவுல செருப்ப வச்சா, கையொறை மாட்டிக்கினு களி திங்கற மாதிரி."

இந்தப் பக்கத்து டிரைவர்களில் பாதிப்பேர் இப்படித்தான். அதனால் யாரும் அதை அதிசயமாகப் பார்க்கவில்லை. யாராவது பார்த்துக் கேட்டிருந்தால் நல்லது நடந்திருக்குமோ என்னவோ. கேட்டிருந்தாலும் அவர் காதில் போட்டுக்கொண்டிருப்பார் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மாசி மாதம் ஒரு சாயங்காலம் கால் கழுவும்போதுதான் பார்த்தார். இடது பாதத்தின் வெளி ஓரத்தில், சுண்டுவிரலுக்குக் கீழே, எட்டணா அகலத்துக்குத் தோல் உரிந்து நீர் கோத்திருந்தது. எப்போது ஆனது, எதில் பட்டது, ஒன்றும் தெரியவில்லை. வலியும் இல்லை. பன்னிரண்டு வருஷமாகச் சர்க்கரை இருக்கிற உடம்பு. வலிக்காத புண்ணை யார் மதிக்கிறார்கள்? மஞ்சள் வைத்தார், கடையில் களிம்பு வாங்கிப் பூசினார், ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டார், கட்டோடு வண்டி எடுக்க முடியாமல் லீவு போட்டார். பங்குனி போனது, சித்திரை போனது. ஆடியில் விதைத்த கேழ்வரகுகூடக் கதிர் பிடித்துவிட்டது. இந்தப் புண் மட்டும் ஆறுவதாக இல்லை. எட்டணா அகலம் பத்து ரூபாய்க் காசு அகலமாகி, நடுவில் குழி விழுந்தது.

பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் காட்டினார்கள். அங்கே இருந்தவர் நல்ல மாதிரியாகத்தான் சொன்னார். இரண்டு விரலையும் பக்கத்தில் இருக்கிற எலும்பையும் எடுத்துவிட்டால் மேலே ஏறாது என்றார்.

"அது கிளட்ச்சு மிதிக்கற காலுங்க," என்றார் திம்மராயன்.

"உசுரு முக்கியமா, கிளட்ச் முக்கியமா?"

திம்மராயன் மனசில் நினைத்ததைச் சொல்லியிருந்தால் அந்த டாக்டருக்குப் பிடித்திருக்காது. கையெழுத்துப் போடாமல் நொண்டிக்கொண்டே வெளியே வந்துவிட்டார். பின்னாலேயே மருந்துப் பையைத் தூக்கிக்கொண்டு மாதேஸ்வரி வந்தாள். அவர் மனைவி. ஆட்டோவில் ஏறிய பிறகு ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். "இன்னொரு எடம் பாக்கலாங்க."

அந்த இன்னொரு இடம்தான் பாகலூர் ரோட்டில் டாக்டர் நிர்மலாவின் கிளினிக். ஆறாத புண்ணுக்கென்றே வைத்திருக்கிறார். மூக்கண்டப்பள்ளியில் மகள் சரிதா வீட்டு மாடியில் தங்கிக்கொண்டு, அங்கிருந்து புருஷனும் பெண்டாட்டியும் ஆட்டோவில் போய் வந்தார்கள். டாக்டர் முதல் நாள் காலில் ரத்த ஓட்டம் பார்த்தார், எலும்பைப் படம் எடுத்தார், நைலான் நரம்பு ஒன்றால் பாதத்தில் அங்கங்கே தொட்டு உணர்ச்சி இருக்கிறதா என்று பார்த்தார்.

"எப்படி ஆச்சு இது?"

"கல்லு குத்திருச்சும்மா."

கல்லும் குத்தவில்லை, முள்ளும் குத்தவில்லை. தெரியாது என்று சொல்ல வெட்கம். முப்பத்தொரு வருஷம் கால் பேசியதைக் கேட்டு வண்டி ஓட்டியவன், என் காலில் என்ன நடந்தது என்று எனக்கே தெரியாது என்றால் ஊர் சிரிக்காதா?

டாக்டர் எழுதிக்கொண்டார். பிறகு அந்த மெஷினைக் காட்டினார். பால் கேனை விடச் சின்னப் பெட்டி, அதிலிருந்து ஒரு வயர், வயரின் நுனியில் டார்ச் லைட்டு மாதிரி ஒரு கைப்பிடி. "ஷாக் வேவ்" என்று பேர் சொன்னதும் மாதேஸ்வரி புருஷனின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"பயப்படாதீங்கம்மா, இது கரண்டு இல்ல. சத்தம் மாதிரி ஒரு அலை. கிட்னில கல்லு இருந்தா வெளிய இருந்தே தட்டி ஒடைப்பாங்களே, அதே வம்சம். இது கொஞ்சம் சாது. உங்க வீட்டுக்காரரு புண்ணு எட்டு மாசமா அசந்து தூங்குது. தட்டி எழுப்பறோம். தட்டுனா அந்த எடத்துல ரத்தம் கூடும், சின்னச் சின்ன ரத்தக்கொழா மொளைக்கும், தசை வளரும். எல்லாருக்கும் கேக்கும்னு சொல்ல மாட்டேன். நெறையப் பேருக்குக் கேட்டிருக்குது."

"எத்தன நாளைக்கும்மா?"

"வாரம் ஒரு தடவ. நாலாவது வாரம் அளந்து பாப்பேன். பாதியாவது சுருங்கியிருந்தா மேல போவோம். இல்லேன்னா, ஒளிக்காம சொல்றேன், சர்ஜன்கிட்டதான் போவணும். மெஷினு மட்டும் போதாது. கட்டு சுத்தமா இருக்கணும், சர்க்கர எறங்கணும், முக்கியமா இத போட்டுக்கணும்."

அவர் எடுத்துக் கொடுத்தது ஒரு பெரிய பூட்ஸ். முழங்காலுக்குக் கீழே வரைக்கும் ஏறுகிற பிளாஸ்டிக் பூட்ஸ், உள்ளே மெத்தை. உடம்பு எடை புண்ணில் விழாமல் தாங்குமாம். வீட்டுக்குள் நடந்தாலும், பாத்ரூம் போனாலும் அதைப் போட்டுக்கொண்டுதான். வெறுங்கால் தரையில் படவே கூடாது. திம்மராயன் அந்தப் பூட்ஸைப் பார்த்த பார்வை இருக்கிறதே, சைவனிடம் கருவாட்டைக் கொடுத்தால் அப்படித்தான் பார்ப்பான்.

டாக்டர் ஒரு கண்ணாடிக் காகிதத்தைப் புண் மேல் வைத்து, பேனாவால் ஓரத்தை வரைந்து, தேதி போட்டார். புண் மேல் மெல்லிய பிளாஸ்டிக் விரித்து, கஞ்சி மாதிரி ஜெல்லைத் தடவி, கைப்பிடியை வைத்து அழுத்தினார். டக், டக், டக், டக் என்று ஆரம்பித்தது.

திம்மராயன் கண்ணை மூடினார். மூடிய கொஞ்ச நேரத்தில் அவர் முகம் மாறியது.

"வலிக்குதா?"

"இல்லம்மா. இது எங்க பழைய வண்டி சத்தம்."

தொண்ணூற்று நாலாம் வருஷத்து வண்டி அது. டிரைவர் சீட்டுக்கு இடது பக்கம், முன்னாலேயே இஞ்சின். அதற்கு மேல் கவிழ்த்துப் போட்ட தொட்டி மாதிரி பானெட்டு. பனி பெய்கிற விடியலில் காவேரிப்பட்டினத்தில் வண்டியை நிறுத்தி இஞ்சினை ஓடவிட்டால் இதே சத்தம்தான், டக் டக் டக் டக். சத்தம் கேட்டுத்தான் தெருவில் ஒவ்வொரு வீடாக விளக்கு எரியும். சால்வையைப் போர்த்திக்கொண்டு ஒவ்வொருவராக வருவார்கள். ஏறினவுடன் எல்லாரும் செய்கிற முதல் காரியம், கையில் இருக்கிற டிபன் பாக்ஸை பானெட்டு மேல் வைப்பது. பானெட்டு நல்ல சூடு. ஓசூர் போய்ச் சேரும்போது பாக்ஸைத் தொட்டால் அடுப்பிலிருந்து இறக்கியது மாதிரி இருக்கும். இருபது முப்பது பாக்ஸ் வரிசையாக உட்கார்ந்து பயணம் செய்யும். அவரைக்கொட்டைப் பருவத்தில் வண்டி முழுக்கக் குழம்பு வாசனை அடிக்கும்.

அந்த பானெட்டு ஓரத்தில்தான் மாதேஸ்வரி உட்கார்ந்து வருவாள். அப்போது அவளுக்குப் பத்தொன்பது வயசு. சிப்காட்டில் வயர் கட்டுகிற கம்பெனியில் சேர்ந்த புதுசு. மற்றப் பெண்கள் சீட்டுக்கு அடித்துக்கொள்ளும்போது இவள் நேராக வந்து, மடித்த சாக்கை பானெட்டு மேல் போட்டு உட்கார்ந்துகொள்வாள். குளிருக்கு இதமாக இருக்கிறதாம். குளிருக்கு மட்டும்தானா என்று பின்சீட்டுப் பெண்கள் கேட்பார்கள். ஒரு நாள் பானெட்டின் ஓரத்து இரும்புப் பட்டையில் அவள் முந்தானை பட்டுப் பொசுங்கிவிட்டது. திம்மராயன் வண்டியை ஓரங்கட்டி, குடிக்க வைத்திருந்த தண்ணீரையெல்லாம் அதன்மேல் ஊற்றினார். அணைந்தது முந்தானை. பற்றிக்கொண்டது வேறு என்று ஊரே சொன்னது. அடுத்த வைகாசியில் கல்யாணம்.

"அந்தப் பொடவைய இன்னும் வச்சிருக்கறேன்," என்றாள் மாதேஸ்வரி, கிளினிக் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு. டாக்டர் சிரித்தார். மெஷின் நின்றது. சில நிமிஷத்து வேலைதான்.

இரண்டாவது வாரமும் அதே சத்தம், அதே மூடிய கண். இந்தத் தடவை அவருக்கு ஞாபகம் வந்தது ஆட்கள் தூங்குகிற அழகு. குருபரப்பள்ளி தாண்டியதும் நாற்பத்தாறு பேரும் தூங்கிவிடுவார்கள். கண்ணாடியில் பார்ப்பார். வளைவு வந்தால் நாற்பத்தாறு தலையும் ஒரே பக்கம் சாயும், அடுத்த வளைவில் அத்தனையும் இந்தப் பக்கம் சாயும். சூளகிரி மேட்டில் கியரை மாற்றினாலும் ஒரு தலைகூட நிமிரக் கூடாது. அதுதான் அவருக்குப் பந்தயம். யாரோடு பந்தயம்? தன்னோடுதான். ஒருவரும் விழிக்காமல் மேடு ஏறிவிட்டால் அன்றைக்கு முழுக்க விசிலடிப்பார். "பெத்த தாயி தொட்டில் ஆட்னாக்கூட இப்படித் தூங்க மாட்டானுங்க," என்று டாக்டரிடம் சொன்னார். இந்தக் கால் போய்விட்டால் அந்த மேட்டை இனி யார் அப்படி ஏற்றுவார்கள் என்பதுதான் அவர் துக்கம்.

மூன்றாவது வாரம் டாக்டர் புதுக் காகிதத்தைப் பழையதன் மேல் வைத்து வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். கோடு உள்ளே நகர்ந்திருந்தது. புண்ணின் நடுவில், செத்த வெளுப்பு போய், மாதுளை முத்து நிறத்தில் சதை துளிர்த்திருந்தது. மாதேஸ்வரி அன்றைக்கு ஆட்டோக்காரரிடம் பேரம்கூடப் பேசவில்லை. எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஆயுத பூஜை வந்தது.

முதலாளி கோவிந்தன் போன் செய்தார். மூன்று வண்டிக்குச் சொந்தக்காரர். சந்தோஷம் வந்தால் தெலுங்கு பேசுவார், கோபம் வந்தால் கன்னடம், வேலை சொல்லும்போது மட்டும் தமிழ். அன்றைக்குத் தமிழில்தான் பேசினார். "திம்மராயா, வண்டியக் கழுவி மால போட்டாச்சு. எலுமிச்சம்பழம் நசுக்கிட்டு மலையடிவாரம் வரைக்கும் ஒரு ரவுண்டு. வருசா வருசம் நீதானே எடுப்ப? வேற கால் பட்டா எனக்கு மனசு ஒப்பாது."

"டாக்டரம்மா என்ன சொல்லியிருக்காங்க?" என்று கேட்டாள் மாதேஸ்வரி.

"ஒரே ஒரு ரவுண்டு மாதேசு. போனேன் வந்தேன்னு வந்துர்றேன்."

"பூட்ஸக் கழட்ட மாட்டீங்களே?"

"மாட்டன்."

கழற்றினார். வேறென்ன செய்வார்? வருஷம் முழுக்க வெறுங்காலோடு ஏறிய வண்டியில், பொட்டு வைத்து மாலை போட்டுக் கற்பூரம் காட்டியிருக்கிற நாள் பார்த்து, அவ்வளவு பெரிய பூட்ஸோடு ஏறுவாரா? வெடிக்கிற எலுமிச்சம்பழச் சத்தத்தோடு வண்டி நகர்ந்தபோது ஷெட்டில் இருந்தவர்கள் கை தட்டினார்கள். எட்டு மாசம் கழித்து ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கிறார். கண்ணில் தண்ணீர் நின்றது. மலையடிவாரம் போய்த் திரும்பும்போது ஊரில் உள்ள வண்டியெல்லாம் மாலை போட்டுக்கொண்டு ரோட்டுக்கு வந்துவிட்டது. முக்கால் மணி நேரம் ஒரே இடத்தில் நின்றார்கள். இஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. திம்மராயன் ஜன்னலில் கையை வைத்து, போகிற வருகிறவர்களுக்கெல்லாம் பொரி அள்ளிக் கொடுத்தார். இந்த வருஷத்தில் அவர் சந்தோஷமாக இருந்தது அந்த முக்கால் மணி நேரம்தான்.

நாலாவது வாரம். அளந்து பார்க்கிற வாரம். டாக்டர் கட்டைப் பிரித்தார். கட்டுக்கு மேலே, கணுக்காலை ஒட்டி, விரல் நீளத்துக்கு நேர்க்கோடாக ஒரு கொப்புளம் இருந்தது.

"இது புதுசு. சூடு பட்டிருக்குது. எப்ப?"

"தெரியலைங்கம்மா."

"இவ்ளோ நீளத்துக்குத் தோல் வெந்திருக்குது, தெரியலையா?"

மாதேஸ்வரி எழுந்து வந்து குனிந்து பார்த்தாள். நேர்க்கோடு. அவளுக்கு அந்தக் கோட்டைத் தெரியும். "பானெட்டுப் பட்டைங்கம்மா," என்றாள். "இப்ப இருக்கற வண்டிலயும் இஞ்சினு மூடி ஓரத்துல அதே இரும்புப் பட்ட இருக்குது. கிளட்ச்சு மிதிக்காதப்ப கால அதுலதான் சாச்சி வப்பாரு." சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். பழைய புண்ணைப் பார்த்தாள், கொப்புளத்தைப் பார்த்தாள். இரண்டும் காலின் ஒரே பக்கம். கட்டு தடிமனாக இருந்ததால் இந்தத் தடவை கொஞ்சம் மேலே பட்டிருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். எட்டு மாசமாக ஒரு கல்லைத் திட்டிக்கொண்டிருந்தார்கள்.

டாக்டர் மேஜையிலிருந்து அந்த நைலான் நரம்பை எடுத்தார். "மொதல் நாள் பாதி எடத்துல தெரியுதுன்னு சொன்னீங்க. மறுபடி பாக்கலாம். கண்ண மூடுங்க."

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். லைசென்ஸ் புதுப்பிக்கும்போது கண் பரிசோதனைக்கு நிற்கிற டிரைவர்கள், முன்னால் போனவன் படிப்பதைக் கேட்டு எழுத்தை மனப்பாடம் செய்துகொள்வது ஊரறிந்த ரகசியம். பரீட்சை என்றால் பாஸ் ஆகவேண்டும், அதுதான் அவர்கள் கணக்கு. முதல் நாள் திம்மராயனும் இமையை அரைக்கண்ணாக வைத்து, டாக்டர் கை போகிற போக்கைப் பார்த்துத்தான் "ஆமா, ஆமா" என்று சொல்லிவந்தார். மாதேஸ்வரிக்கு அவரைத் தெரியாதா? பின்னால் வந்து நின்று, தன் உள்ளங்கையால் அவர் இரண்டு கண்ணையும் பொத்தினாள்.

திம்மராயன் காத்திருந்தார். ஃபேன் சுற்றுகிற சத்தம் கேட்டது.  ரொம்ப நேரம் ஆனது மாதிரி இருந்தது.

"ஆரம்பிங்கம்மா," என்றார்.

"முடிச்சிட்டேன்," என்றார் டாக்டர். "பத்து எடத்துல தொட்டேன்."

மாதேஸ்வரி கையை எடுத்தாள். திம்மராயன் தன் இடது காலைப் பார்த்தார். யாரோ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போன கால் மாதிரி அது கிடந்தது. கிளட்ச் எங்கே பிடிக்கிறது என்று இந்தக் காலுக்குத் தெரியும் என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பார்? நாலு வருஷத்துக்கு முன்னால் முதலாளி புது வண்டி எடுத்தார். அதில் உட்கார்ந்த முதல் நாளே, காலுக்கு ஒன்றும் எட்டவில்லை. "இந்தக் காலத்து வண்டி, கிளட்ச்சு வெண்ணெ மாதிரி இருக்குது," என்று எல்லாரிடமும் மெச்சிக்கொண்டார். வண்டியில் ஒன்றும் வெண்ணெய் இல்லை. கால்தான் செத்திருந்தது. அன்றிலிருந்து காதால் ஓட்டியிருக்கிறார். இஞ்சின் சத்தத்தை வைத்து ஓட்டியிருக்கிறார். காலையும் செருப்பையும் பற்றிய அந்தப் பெருமையெல்லாம் வெறும் வாய்.

அப்போதுதான் அவருக்கு கெம்பம்மா ஞாபகம் வந்தாள்.

இரண்டு வருஷத்துக்கு முந்தி, சூளகிரியில். ரோஜாத் தோட்டத்தில் வேலை செய்கிற பெண், நாற்பது வயசு இருக்கும். சாயங்காலம் வண்டி திரும்பும்போது வழியில் கைகாட்டி ஏறி வந்தவள், முன்படியில் இறங்கிக்கொண்டிருந்தாள். கியர் போட்டு கிளட்சை மிதித்தபடி நின்றிருந்த வண்டி தவளை மாதிரி ஒரு தாவு தாவியது. கெம்பம்மா ரோட்டில் குப்புற விழுந்தாள். முழங்கால் இரண்டும் கிழிந்தது, ஒரு பல் போனது. திம்மராயன் ஜன்னலில் எட்டிப் பார்த்து, "எறங்கும்போது கண்ணு எங்க வச்சிருக்கற நீ? வண்டி நிக்கறதுக்குள்ள அப்படி என்ன அவசரம்?" என்று கத்தினார். வண்டியில் இருந்த அத்தனை பேரும் அவர் சொன்னதைத்தான் நம்பினார்கள். திம்மராயன் வண்டி தாவுமா? கெம்பம்மாவும் நம்பினாள். ரத்தம் ஒழுகுகிற வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு, "எம்மேலதான் தப்புங்கண்ணா," என்றாள்.

மெக்கானிக்கைக் கூப்பிட்டு அன்றைக்கே கிளட்ச் கேபிளை மாற்றச் சொன்னார். கேபிள் நன்றாகத்தான் இருந்தது. நழுவியது கால்தான். இப்போது கிளினிக்கில் உட்கார்ந்து, டாக்டர் பார்க்க, பெண்டாட்டி பார்க்க, திம்மராயன் அழுதார். கால் போய்விடுமோ என்று அழுகிறார் என்று டாக்டர் நினைத்திருக்க வேண்டும்.

"அழுவாதீங்க. கொப்புளம் மேலோட்டமாத்தான் இருக்குது. பழைய புண்ணு பாதிக்கு மேல சுருங்கிடுச்சு. கால் தப்பிச்சுது, நூலிழையில. ஆனா இன்னொரு தடவ பூட்ஸக் கழட்டினீங்கன்னா நான் பாக்க மாட்டேன், ஆமா." டாக்டர் ஜெல்லைத் தடவினார். டக், டக், டக் என்று மெஷின் ஆரம்பித்தது. அன்றைக்குத் திம்மராயன் கண்ணை மூடவில்லை. கைப்பிடி தன் காலில் தட்டுவதை, ஒவ்வொரு தட்டாக, கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்கப்புறம் ஐந்து வாரம். பூட்ஸ் காலை விட்டு இறங்கவில்லை. சர்க்கரையும் சொன்ன பேச்சைக் கேட்டது. திம்மராயன் பழைய கதை எதுவும் பேசுவதில்லை. டாக்டரே இரண்டு தரம், "உங்க பழைய வண்டி எப்படி இருக்குது?" என்று கேட்டுப் பார்த்தார். "இருக்குதும்மா," என்பதோடு சரி. புண் மொச்சைக் கொட்டை அளவு ஆனது, துவரம்பருப்பு ஆனது. கார்த்திகை பிறந்து இரண்டாவது வாரம் டாக்டர் கண்ணாடிக் காகிதத்தை வைத்தார், பேனாவை எடுத்தார், மூடி வைத்துவிட்டார். வரைவதற்கு ஒன்றும் இல்லை. இளஞ்சிவப்பாகப் புதுத் தோல் மூடியிருந்தது. மாதேஸ்வரி டாக்டரைக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"புண்ணு ஆறிடுச்சு. மரத்துப்போனது திரும்பி வரும்னு நான் சொல்ல மாட்டேன். அதுக்கு இந்த மெஷினு இல்ல," என்றார் டாக்டர். மெத்தை வைத்த செருப்பு ஒன்றை எழுதிக் கொடுத்தார். "தெனமும் ராத்திரி கால ரெண்டு பேரும் சேந்து பாருங்க. அவருக்குத் தெரியாதது உங்க கண்ணுக்குத் தெரியும்."

மறுநாளே முதலாளி கூப்பிட்டு அனுப்பிவிட்டார். மாதேஸ்வரியும் கூடப் போனாள். ஷெட்டில் வண்டி துடைத்து நின்றது. கோவிந்தன் சாவியை எடுத்து மேஜை மேல் வைத்து, தெலுங்கில் அத்தனை சாமியையும் கூப்பிட்டுச் சந்தோஷப்பட்டார். "திங்கக்கெழம வந்துரு. ஒனக்காகத்தான் ஆள் போடாம, மாத்தி மாத்தி ஓட்டிக்கினு இருக்கறேன்."

திம்மராயன் சாவியைப் பார்த்தார். இரண்டு விரலையும் காப்பாற்ற ஒன்பது மாசம் அலைந்தது இதற்காகத்தான். இப்போது விரல் இருக்கிறது, சாவி இருக்கிறது, சீட்டும் காலியாக இருக்கிறது.

"இந்தக் காலுக்கு ஒண்ணும் தெரியலைங்க," என்றார். "நாலு வருசமா தெரியல. நாப்பத்தாறு பேர வச்சிக்கினு மரக்கட்டையில மிதிச்சிருக்கறேன்."

கோவிந்தன் சாவியை அவர் பக்கம் நகர்த்தினார். அவர் கெட்ட மனுஷர் இல்லை. அதனால்தான் அப்படிச் சொன்னார். "நாலு வருசத்துல ஒண்ணும் ஆவலியே. ஒனக்கு காதே போதும்யா. லைசென்சு இன்னும் ரெண்டு வருசம் இருக்குது. நீ சொல்லாம இருந்தா யாருக்குத் தெரியப்போவுது?"

ஒரு நிமிஷம், நிஜமாகவே ஒரு நிமிஷம், திம்மராயனின் கை சாவிப் பக்கம் போனது. மாதேஸ்வரி அதைப் பார்த்தாள். 

"ஒண்ணும் ஆவலேன்னு சொல்லாதீங்க," என்றார் திம்மராயன். "சூளகிரில கெம்பம்மா வுழுந்தது என்னாலதான். அவளத்தான் நான் திட்னேன். நாளைக்கு அவ வூட்டுக்குப் போறேன். போயிட்டு வந்து, ஷெட்டுல எதாவது வேல இருந்தா குடுங்க, செய்யறேன். சாவி வேணாம்."

கோவிந்தன் சாவியை எடுத்து மேஜை டிராயருக்குள் போட்டு மூடினார். மூக்கைச் சிந்திக்கொண்டார். மத்தியான ஷிப்டுக்கு வண்டி கிளம்பப்போகிறது, மூக்கண்டப்பள்ளியில் இறக்கிவிடச் சொல்கிறேன், அதில் போய்விடுங்கள் என்றார். இதையும் தமிழில்தான் சொன்னார்.

திம்மராயன் மெத்தைச் செருப்போடு அந்த வண்டியில் ஏறினார். முதல் தடவையாகச் செருப்போடு ஏறினார். படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள மறக்கவில்லை. டிரைவர் சீட்டில் வேறு ஆள் இருந்தார். இடது பக்கம் இரட்டை சீட்டில் மாதேஸ்வரி ஜன்னலோரம் உட்கார்ந்தாள், பக்கத்தில் இவர். இருபத்தொன்பது வருஷக் குடித்தனத்தில் திருப்பதி போயிருக்கிறார்கள், மாதேஸ்வரன் மலை போயிருக்கிறார்கள், சொந்தக் கல்யாணத்துக்கே பஸ்ஸில் போயிருக்கிறார்கள். எல்லா வண்டியையும் இவர்தான் ஓட்டினார். பஸ்ஸில் ஒரே சீட்டில் பக்கத்தில் உட்கார்ந்து போவது இதுதான் முதல் தடவை. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டார்.

வண்டி நகர்ந்தது. முன்னால் டிரைவர் கியர் மாற்றும் ஒவ்வொரு தடவையும் திம்மராயனின் இடது கால் தானாகத் தரையை மிதித்தது. மாதேஸ்வரி கொஞ்ச தூரம் அதைப் பார்த்துக்கொண்டே வந்தாள். பிறகு தன் செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலை எடுத்து அந்தக் கால் மேல் வைத்து அழுத்தினாள்.

"தெரியுதாங்க?"

தெரிகிறது என்று சொல்லியிருந்தால் அவள் சந்தோஷப்பட்டிருப்பாள். அப்படிச் சொல்லிச் சொல்லித்தான் இத்தனை வருஷம் போனது.

"தெரியல," என்றார்.

அவள் காலை எடுக்கவில்லை.